மூன்று நிமிடத் தாமதம்

ஆட்டம் முடிந்துவிட்டது. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் ஐந்து பேரும் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மொத்தப் பள்ளிக்கூடமும் அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் யாரும் ஆடுகிறவர்களுக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கே பெரிய திரையில் ஆட்டத்தை மூன்று நிமிடம் தாமதமாகத்தான் காட்டுவார்கள். திரையில் முடியும்வரை ஆடியவர்கள் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. கதவோரம் நடுவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தோற்றவர்களுக்கு இவ்வளவு கைதட்டலா. கேட்கச் சகிக்கவில்லை.

கோட்டையைக் காக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இன்னும் நாற்பது விநாடி தாக்குப்பிடித்திருந்தால் இறுதிச்சுற்று. அந்த நேரம் பார்த்து வடக்கு வாசல் உள்ளிருந்து திறந்துகொண்டது. எதிரணி சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் சாவகாசமாக நுழைந்தது.

வடக்கு வாசலில் காவல் நின்றவர்கள் இரண்டே பேர். அக்காவும் தங்கையும்.

"மறுபடியும் நாலை அழுத்திட்டியா?" என்றான் கேப்டன். தங்கையைப் பார்த்துத்தான் கேட்டான். அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாலு, வாசலைத் திறக்கும் பொத்தான். இருவரும் வீட்டில் மாறி மாறி ஆடும் பழைய கம்ப்யூட்டரில் கேடயத்துக்கான பொத்தான் உடைந்துபோனதால், அங்கே கேடயத்தை நாலுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் தங்கை பயிற்சியின்போது இரண்டு முறை வாசலைத் திறந்துவிட்டிருக்கிறாள். இன்னொரு தடவை நடந்தால் அணிப்பக்கமே வர வேண்டாம் என்று பயிற்சி ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அணியை விட்டால் அவளுக்கு அந்தப் பள்ளியில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது.

தங்கை நிமிரவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை அழுத்தியது அக்கா.

சரமாரியாக அம்பு வந்தபோது விரல் தானாக நாலுக்குப் போயிற்று. அழுத்திய நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லிவிட வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். கேப்டன் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் முடித்தான். அவள் சொல்லவில்லை.

எப்படியும் திரை சொல்லிவிடும். யார் கை பட்டு வாசல் திறந்தது என்று பள்ளிக்கூடமே பார்க்கப்போகிறது. அதற்குள் தானாகச் சொன்னால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும். இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு ஒரு நிமிடம். ஓடிப்போய்விடலாம் என்றால் கதவோரம் நடுவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அரங்கத்துச் சத்தம் உச்சத்துக்குப் போய், சட்டென்று அடங்கியது.

கதவைத் திறந்துகொண்டு பயிற்சி ஆசிரியர் வந்தார். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வாசல் திறந்த நேரத்தில் திரையில் தெற்கு வாசல் சண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். வடக்குக்குத் திரும்பியபோது வாசல் திறந்தே கிடந்ததாம். திரையில் வந்ததைத் தவிர வேறு பதிவும் கிடையாதாம். கேப்டனிடம் இதைச் சொல்லிவிட்டு, தங்கை முன்னால் வந்து நின்று, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அக்கா தப்பித்துவிட்டாள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்போது வாயைத் திறந்தால், மூன்று நிமிடம் சும்மா இருந்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். தன்னால் அது முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தங்கை ஹெட்போன் வயரை நிதானமாகச் சுற்றி மேசைமேல் வைத்தாள். அழுத மாதிரியே தெரியவில்லை.

"நீ அழுத்துனதை நான் பாத்தேன்க்கா," என்றாள். "சொல்லுவேன்னு இவ்ளோ நேரமா காத்துட்டு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் அவர்கள் இருவருக்கும் ஒரே அறை.