இரண்டாவது லேப்டாப்

டமால் என்று ஒரு சத்தம். மேசை விளிம்பிலிருந்து லேப்டாப் தரையில் விழுந்திருந்தது.

கம்பெனி முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். கை தவறியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்த ஆய்வு அதிகாரியம்மா இரண்டு விரலால் வேண்டுமென்றே தள்ளியதை அவர் கண்ணால் பார்த்தார்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"வீடு வீடாப் போற நர்ஸுங்க பையில இருந்து இது எத்தனை தடவை விழும்னு பார்க்க வேண்டாமா சார்?"

குனிந்து எடுத்துத் திறந்தார் அதிகாரி. திரை பளிச்சென்று எரிந்தது. முதலாளிக்கு மூச்சு வந்தது.

"பார்த்தீங்களா? எடை ஒரு கிலோகூட இல்ல. விலை மத்தவங்க விலையில பாதி. மிஷின் கல்லு மாதிரி."

"இது நீங்க தேர்ந்தெடுத்துக் கொடுத்தது." பையிலிருந்து அதேபோல் இன்னொன்றை எடுத்தார் அதிகாரி. "இது உங்க கிடங்குல நானே உருவினது."

அதே விளிம்பு, அதே இரண்டு விரல். இந்த முறை திரை கறுப்பாகவே கிடந்தது. மூடியின் கீல் ஒரு பக்கம் பிளந்து தொங்கியது.

"ஒண்ணு ரெண்டு அப்படி இப்படித்தான் இருக்கும்."

"ஆறு எடுத்தேன். அஞ்சு போச்சு. பேட்டரி எட்டு மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கீங்க, மூணுலயே படுத்துடுது. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டோம்னு தெரியாம நர்ஸ் நடுத்தெருவுல நிக்கணுமா?"

எதிரே உட்கார்ந்திருந்த சுகாதாரத் துறை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆயிரம் லேப்டாப்புக்கான கோப்பு அவர் முன்னால் காத்திருந்தது. "இதுக்குத்தாம்மா, ஆய்வை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

"அவங்க முதல் லேப்டாப்போட நிறுத்தியிருப்பாங்க சார்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிங்க மேடம். இந்த ஆர்டர் நின்னா அதோட போகாது. வேற சிலதும் நிக்கும்."

"மிரட்டுறீங்களா?"

"நிலைமையைச் சொல்றேன். ஒரு வரி மாத்தி எழுதினா ரெண்டு பக்கமும் சந்தோஷமா இருக்கலாம்."

"விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்லம்மா" என்றார் இயக்குநர், யாரையும் பார்க்காமல்.

"விட்டுக்கொடுக்க இது என் வீட்டுச் சொத்து இல்லையே சார்."

மேசையில் அதிகாரியின் கைபேசி அதிர்ந்தது. மகளிடமிருந்து ஒரு செய்தி. 'நீ உன் வேலையைப் பாரும்மா.' படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

பேனாவைத் திறந்து, ஆய்வு அறிக்கையில் 'வாங்கத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி இரண்டு லேப்டாப்பையும் பெட்டியில் திணித்துக்கொண்டு கதவுவரை போனார். அங்கிருந்து திரும்பினார்.

"கடைசியாக் கேக்கறேன். அந்த ரிப்போர்ட்டைக் கிழிக்கப் போறீங்களா, இல்லையா?"

அதிகாரி அறிக்கையை மூடி இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

"கல்யாணத்தை வேணும்னா நிறுத்திக்குங்க, சம்பந்தி."