ஒன்பதரை அங்குலம்

வெர்னா ஈயக்குண்டைப் பல்லால் கடித்து தூண்டில் நூலில் இறுக்கினாள். அவள் விரல்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. பல்லுக்கு இன்னும் நடுக்கம் வரவில்லை.

ஆறு மீன் பெட்டியில் கிடந்தன. இன்னும் ஒன்று வேண்டும்.

பேச்சு இதுதான்: பொழுது சாய்வதற்குள் பத்து அங்குலத்துக்குக் குறையாத கிராப்பி மீன் ஏழு. என் கை படாமல் அவளே பிடிக்க வேண்டும். பிடித்தால் படகு எங்களோடு இருக்கும். இல்லையென்றால் சனிக்கிழமை பக்கத்து வீட்டு டூயி தன் வண்டியைக் கொண்டுவந்து படகை இழுத்துக்கொண்டு போவான். என் மனைவி அதன்பிறகு கரையிலிருந்து ஏரியைப் பார்ப்பாள்.

ஏழு என்று சொன்னது நான். நாள் குறித்ததும் நான்தான். காற்று பலமாக இருக்கும் என்று வானொலியில் சொன்ன நாளாகப் பார்த்துக் குறித்தேன். கென்டக்கியில் அக்டோபர் காற்றுக்குக் கண்மண் தெரியாது. அவள் ஜன்னல் வழியே மரங்கள் ஆடுவதைப் பார்த்தாள். தொப்பியை நாடாவால் தாடையோடு கட்டிக்கொண்டு வந்து படகில் ஏறிவிட்டாள். ஏரியில் எங்களைத் தவிர ஒரு பைத்தியம்கூட இல்லை.

என்மேல் கோபப்பட வேண்டாம். ஏப்ரலில் இதே ஏரியில், தூண்டில் கோலைத் தூக்கும்போது அவள் கை வெட்டி இழுத்து, தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தாள். சட்டைக் காலரைப் பிடித்துத்தான் தூக்கினேன். அந்தக் காலரை இப்போதும் சில நாள் தூக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படகின் மேல் வெறுப்பு இல்லை. பயம்.

இந்த மாதிரி மீன் பிடிப்பதில் மோட்டாருக்கு வேலை குறைவு. காற்று வரும் பக்கம் மேலே போய் அணைத்துவிட்டால், காற்றே படகைத் தள்ளிக்கொண்டு வரும். தூண்டில்கள் கூடவே வரும். ஆனால் மெதுவாக வர வேண்டும். அதற்கென்று ஒரு துணிப்பை உண்டு. கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டால் வாயைத் திறந்து தண்ணீரை விழுங்கிக்கொண்டு படகைப் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால் இந்தக் காற்றில் படகு கயிறு அறுத்த கன்று மாதிரி ஓடும். இரை மேலே எழும்பிவிடும். கிராப்பி சோம்பேறி மீன், துரத்தி வந்து தின்னாது.

காலையிலேயே அவள் கேட்டாள். "பை எங்க, ஹாலிஸ்?"

"வீட்டுலயே விட்டுட்டேன் போலிருக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஈயக்குண்டு டப்பாவைத் திறந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கட்டி, இரையை ஆழத்துக்கு இறக்கினாள்.

அதிலிருந்து இருபது தடவையாவது மேலே போய்க் கீழே வந்திருப்போம். அலை அவள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பொடிமீனை முள்ளில் கோர்க்க ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். கிராப்பிக்கு வாய் ஈரக் காகிதம், வெடுக்கென்று இழுத்தால் கிழித்துக்கொண்டு போய்விடும். முதல் நாலு மீன் அப்படித்தான் போயின. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

ஐந்தாவதுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோலின் அடியை வயிற்றில் முட்டுக்கொடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, கையை நம்பாமல் உடம்போடு பின்னால் சாய்ந்து தூக்கினாள். மீன் அலுங்காமல் வந்தது. நான் மோட்டார் பக்கம் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன். காபி ஊற்றக்கூட எழவில்லை. அவளேதான் பாதி சிந்தி, பாதி ஊற்றி நீட்டினாள்.

கடைசியாகக் கோல் வளைந்தபோது சூரியன் மரங்களுக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது.

சாய்ந்தாள். மீன் படகுக்குள் வந்து துள்ளியது. "அள" என்று அளவுப் பலகையை என் பக்கம் தள்ளினாள். மோட்டாரும் அளப்பதும் மட்டும்தான் எனக்கு விட்ட வேலை.

ஒன்பதரை.

நிமிர்ந்து அவளைப் பார்த்திருக்கக் கூடாது. உதட்டைக் கடித்தபடி, மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த மனசு அந்த நேரம் பார்த்து என் காலை வாரிவிட்டது. மீனின் மூக்குக்கும் பலகையின் தடுப்புக்கும் நடுவில் கட்டைவிரலை நுழைத்தேன். வால் பத்து அங்குலக் கோட்டைத் தொட்டது.

"பத்து" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "மீனை மட்டும் அளடா கிழவா. உன் கட்டவிரலை எதுக்கு அதோட சேக்குற?"

இரண்டு கையாலும் மீனை எடுத்து ஏரியில் விட்டாள்.

படகு இருக்கட்டும், நீயே வைத்துக்கொள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்த மீன் போன வழியில் என்னையும் அனுப்பியிருப்பாள். சனிக்கிழமை டூயி வந்தால் ஒரு காபியைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு மோட்டாரைக் கிளப்பினேன். இன்னும் ஒரு தடவை கீழே வர வெளிச்சம் இருந்தது.

மேலே போய் அணைத்ததும், பொடிமீனைக் கோர்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"இப்பவாவது எந்திரி, ஹாலிஸ். காலையிலேர்ந்து நாலு விரக்கடை ஒசந்து உக்காந்திருக்கே. அந்தப் பையை வெளியில எடு."

எழுந்தேன். எனக்கடியில் மடித்துக் கிடந்த துணிப்பை நன்றாகச் சூடேறியிருந்தது. அதன் கயிற்றைப் படகோரத்து வளையத்தில் கட்டப் போனேன். நழுவியது. மறுபடி கட்டினேன், மறுபடியும் நழுவியது.

"என்ன, முடிச்சு விழலயா?" என்றாள். "தள்ளு, நான் வந்து கட்டுறேன்."