வாட்டம்

பெய்து மூன்று நாளாகியும் மழைத்தண்ணீர் மொட்டைமாடிப் பலகைகளின்மேல் அப்படியே நின்றது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த பலகைகள். உளுத்துப்போகாது, ஆனால் பாசி பிடிக்கும். சரிசெய்ய வந்த ஆறுச்சாமி குனிந்து ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றதோடு சரி, அசையவே இல்லை.

"எந்தப் புண்ணியவானுங்க இதைப் போட்டது? தண்ணி ஓடறதுக்கு ஒரு நூல் வாட்டம் விடல. பலகைக்கு நடுவால இடுக்கும் விடல. தண்ணி எங்கதானுங்க போகும்?"

"நாந்தானுங்க அப்படிப் போடச் சொன்னது" என்றாள் கோகிலவாணி.

இடுக்கு விட்டால் மகனுடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். சரிவாக இருந்த பழைய தளத்தில், அவள் துண்டெடுக்கத் திரும்பிய நேரத்தில் நாற்காலி அவனோடு கைப்பிடிச் சுவர்வரை உருண்டிருக்கிறது. பலகை போட்ட பிறகுதான் நாற்காலியின் பிடியை விட்டுவிட்டு அவனோடு இளவெயிலில் உட்கார முடிந்தது. நான்கு வருடம். போன மாசியில் அவன் கண்ணை மூடிவிட்டான். நாற்காலியை ஒரு காப்பகத்துக்குக் கொடுத்தாயிற்று.

அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "மாத்திப் போட்டுருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆறுச்சாமி எழுந்து காலால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார். அது திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது.

"எந்தப் பக்கமுங்க சாய்ச்சுப் போடறது?"

கேட்டதும் அவளுடைய இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில் முன்னே பாய்ந்து, எதுவும் இல்லாத இடத்தை இறுகப் பிடித்தன.