ஆளில்லாத பாதையில் பெல் சத்தம்

"டிரிங்... டிரிங்... டிரிங்..."

ஷாஜினி போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நர்ஸாக நின்ற கால் இன்னும் கடுத்தது. இப்போதுதான் கண் அசந்திருந்தாள்.

முதல் மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அமீரகத்துப் புஜைரா வெயிலில் சைக்கிள் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. மூலை மளிகைக் கடையின் டெலிவரி ஆள் சதீஷ்குமார் மட்டும் எலெக்ட்ரிக் பைக்கில் ஊர்ந்தபடி, விடாமல் பெல் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய் சதீஷ்! ஆளே இல்லாத இடத்துல யாருக்கு பெல் அடிக்கிற?"

"ரூல்தான்க்கா. இந்த பைக்குக்குச் சத்தமே கிடையாதுல்ல, அதான்."

"ரூல் எனக்கும் தெரியும். முன்னால ஆள் நடந்து போனா அடிக்கணும். சும்மா அடிக்கச் சொல்லலை."

"சரிக்கா."

சொன்னானே தவிர, மறுநாளும் அடித்தான். அதற்கு மறுநாளும். ஹெல்மெட், மினுங்கும் சட்டை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான். போலீஸ்கூட அவனை ஒன்றும் சொல்லாது. அவளைப் பார்த்தால் ஒரு அசட்டுச் சிரிப்பு வேறு.

திமிர்தான், வேறென்ன?

ஷாஜினி நேரே கீழே இறங்கினாள். வாட்ச்மேன் யேசுராஜ் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குளச்சல்காரர். அவளுக்குப் பக்கத்து ஊர்.

"அண்ணே, அந்த சதீஷ்கிட்ட நீங்களே சொல்லுங்க. பகல்ல கண்ணை மூட முடியல. டியூட்டியில நின்னுக்கிட்டே தூங்குறேன். இனியும் அடிச்சான்னா போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட்தான்!"

யேசுராஜின் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ போய் உறங்கு மக்ளே. நான் சொல்லுதேன்."

மறுநாள் பெல் சத்தம் இல்லை. ஷாஜினி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். எழுந்ததும் முதல் வேலையாக ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுபோய் யேசுராஜுக்குக் கொடுத்தாள்.

"நீங்க சொன்னாத்தான் கேக்கறான் அண்ணே!"

யேசுராஜ் சிரித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் அவள் டியூட்டிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யேசுராஜ்! மணிக்கட்டு வீங்கியிருந்தது. பின்னாலேயே முழங்கால் கிழிந்த பேன்ட்டோடு சதீஷ்குமார்.

"என்னாச்சு?"

"குப்பையைப் போட்டுட்டு அண்ணன் திடீர்னு பாதைக்குக் குறுக்க வந்துட்டார்க்கா. நான் மெதுவாத்தான் வந்தேன். பிரேக் போட்டதும் வண்டி சறுக்கி அவர் மேலயே..."

ஷாஜினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆளில்லாதப்ப அந்த அடி அடிச்சியே! ஆள் வரும்போது ஒரு பெல் அடிக்க முடியலையா உனக்கு?"

சதீஷ்குமார் தலையைக் குனிந்தபடி வெளியே போய் நின்றுகொண்டான்.

"அவனைத் திட்டாத மக்ளே" என்றார் யேசுராஜ். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரெண்டு பக்கப் பார்வையும் போயிட்டு. நேரே உள்ளது மட்டும்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான். அவன் ஒருத்தனுக்குத்தான் விஷயம் தெரியும். நான் எப்ப, எந்தப் பக்கம் இருந்து வருவேனோன்னு, நம்ம பில்டிங்கைத் தாண்டுற வரைக்கும் பெல் அடிச்சுக்கிட்டே போவான். நிறுத்த மாட்டேன்னுதான் நின்னான். நான்தான் கெஞ்சி நிறுத்த வச்சேன்."

ஷாஜினியின் கையில் பேண்டேஜ் சுருள் பாதி பிரிந்தபடி நின்றது.

"நான் வந்து கத்துனப்பவே என்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"சொன்னா, 'அடிக்கட்டும்'னு சொல்லிட்டு நீ பகலெல்லாம் முழிச்சுக் கிடந்திருப்ப. நைட் டியூட்டி பாக்குற பிள்ளை... உறங்க வேண்டாமா மக்ளே?"