மீனில்லாத தொட்டி

ஜித்தாவில், வஹீபின் வரவேற்பறையை நிறைத்திருந்த பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை.

"நாளைக்கு மீன் வந்துடும்," என்றார் வஹீப்.

"ரெண்டரை மாசமா வெறுந்தண்ணிக்கு விளக்குப் போட்டு உக்காந்திருக்கீங்க, அபூ ரயான்," என்றார் விருந்தாளி தலால், வஹீபை அவர் மகன் பெயரால் அழைத்து. "மீன் வளக்கத் தெரியலைன்னா கிளி வளருங்க."

வஹீப் காப்பி எடுத்துவர உள்ளே போனார். திரும்பியபோது தொட்டியில் ஒரு மஞ்சள் மீன் நீந்தியது. தலாலின் கையில் ஈரப் பை இருந்தது.

"என் அன்பளிப்பு. வந்ததுமே கல்லுல உடம்பை உரசி விளையாடுது பாருங்க. உங்களால முடியாததை ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

வஹீப் கண்ணாடியருகே குனிந்து பார்த்தார்.

"அது விளையாடல, தலால். அரிப்புல உரசுது. வெள்ளைப்புள்ளி நோய். என் மீனுங்களுக்கும் அதுதான் வந்துச்சு. பதினொண்ணையும் குணப்படுத்திப் பின்னறைத் தொட்டியில வச்சிருக்கேன். இந்தத் தொட்டியில எழுபத்தாறு நாள் மீனே இல்லைன்னா, அந்தக் கிருமி பட்டினியில செத்துடும்."

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"எழுபத்தஞ்சு."

தலால் காப்பியை ஒரே மடக்கில் குடித்து, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டினார். வஹீப் அதைப் பொருட்படுத்தாமல் மறுபடி நிரப்பினார்.

"குடிங்க. அடுத்த கோப்பை எழுபத்தாறு நாள் கழிச்சுத்தான்."