வார்டு என்றால்

“ஆன்ட்டி, வார்டுன்னா என்ன?”

நீதிமன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமி கேட்டாள். சற்றுமுன் வக்கீல்கள் அவளைக் காட்டிக் காட்டி அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்கள் என்றால் உயிர். யாராவது பொருள் கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணீர் மறந்துபோகும்.

“அது ரொம்பப் பழைய இங்கிலீஷ் வார்த்தைடா கண்ணு. காவல்னு அர்த்தம். ஆஸ்பத்திரி வார்டு, எலெக்‌ஷன் வார்டு எல்லாம் அதுதான். பூட்டுக்குள்ள தப்புச் சாவி திரும்பாம ஒரு மேடு தடுக்கும்ல, அதுக்கும் வார்டுன்னுதான் பேரு. வாசல்ல நிக்கிற கார்டுகூட இதோட பங்காளி. பிரெஞ்சுக்காரங்க வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாத்திக்கிட்டுத் திரும்பி வந்துச்சு.”

சிறுமி சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை.

“அப்பா அம்மா இல்லைங்கிறதால, நீ உங்க சித்தப்பாவோட வார்டு ஆகப்போறே. அவர் உனக்குக் காவல். துணி வைக்கிற அலமாரியை வார்ட்ரோப்னு சொல்றாங்களே, அதுவும் இதுலேருந்து வந்ததுதான்.”

சிரிப்பு நின்றது. சிறுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்குக்கு விடை கிடைத்தவளைப் போலத் தலையாட்டினாள்.

“ஓ! அதான் சித்தப்பா என்னை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டுறாரா?”

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் குனிந்தார்.

அதற்குள் சித்தப்பாவே வந்துவிட்டார். கையில் பிஸ்கட் பொட்டலம், மடிப்புக் கலையாத சட்டை.

“என்ன, மேடத்தைப் போட்டு அறுக்கிறாளா? வீட்டுல வாயைத் திறந்தா மூட மாட்டா. வெளியில மட்டும் பூனை!”

செல்லமாகத் தலையைத் தடவினார். அவள் கழுத்து தோளுக்குள் இறங்கியது.

“உள்ள போய் சரின்னு சொல்லு, போதும். என்ன?”

அழைப்பு வந்தது.

நீதிபதிக்கும் தமிழ் தெரியாது, குமாஸ்தாவுக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சு எதையும் சேர்க்கக் கூடாது. இந்த அறையில் குழந்தை சொல்வதை மட்டுமே சொல்ல வேண்டும். சத்தியம் செய்துவிட்டுத்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தார். தாழ்வாரத்துப் பேச்சு தாழ்வாரத்தோடு.

நீதிபதி மென்மையாகத்தான் கேட்டார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “சித்தப்பாவோட இருக்க உனக்குச் சம்மதமான்னு கேக்கிறாங்கடா.”

சிறுமி கதவைப் பார்த்தாள். மங்கலான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் அசையாமல் நின்றது.

“சரி.”

ஒரே சொல். அதற்கு வேறு பொருள் கிடையாது.

மொழிபெயர்ப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டு, நிதானமாக, ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சொன்னார். சித்தப்பா, அலமாரி, பூட்டு. அத்தனையும் குழந்தை சொன்னவைதான். சொன்ன இடம் மட்டும் வேறு.

நீதிபதியின் பேனா நின்றது. குமாஸ்தாவிடம் கதவை உள்பக்கம் தாழிடச் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

“நான் சரியாச் சொன்னேனா ஆன்ட்டி?”

“சரியாச் சொன்னேடா.”

அந்த ஆங்கில வாக்கியம் இன்றைக்கு அவளுக்கு வெறும் சத்தம். என்றாவது அந்த மொழியைப் படிப்பாள். ஞாபகத்தில் கிடக்கும் சத்தத்துக்கு அன்று பொருள் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படித்தான் விளங்கியது. இதே சின்ன வயதில், இப்படியொரு அறையில், தாய்மாமன் வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு அவர் ‘ம்’ என்று மட்டும்தான் சொன்னார். மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்ற பெண் ஏன் அவ்வளவு நீளமாகப் பேசினாள் என்பது, பல வருடம் கழித்துப் புரிந்தது. நன்றி சொல்லத் தேடியபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை.

இந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரும் ஆண்டவனும் மட்டுமே.