துடைப்பம் வருவாரா?

"உள்ளே இருக்கறது எதுவும் அழிஞ்சிடாதே?"

லேப்டாப் பையின் வாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாகக் கேட்டாள் மாடிவீட்டம்மா.

"அழியாதும்மா. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்றாள் டீச்சர்.

பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள் அவள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றி எழுதலாம் என்று பொதுவில் விடப்பட்டிருக்கும் கட்டற்ற மென்பொருள்களை ஊராருக்குக் காட்ட வருடம் ஒருநாள் கண்காட்சி நடத்துகிறாள். மென்பொருள் இலவசம். அதை ஓட்டிக்காட்டக் கருவி வேண்டுமே? மேஜை நூலகத்தில் இரவல், திரை போட்டோகிராபரிடம் இரவல், வயர் எலக்ட்ரீஷியனிடம் இரவல். லேப்டாப் என்று வாயைத் திறந்தால் மட்டும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

அதற்குக் காரணமானவர் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். டீச்சரின் கணவர். போன வருடம் தையல்காரர் இரவல் கொடுத்த லேப்டாப்பில் மென்பொருளை ஏற்றிக் காட்டும்போது, 'பழையதோடு சேர்த்து வை' என்பதை விட்டுவிட்டு 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடு' என்பதை அழுத்தித் தொலைத்தார். வாடிக்கையாளர் அளவுகள், டிசைன்கள், மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் போயே போயின. அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் துடைப்பம். இந்த முறையும் ஏதாவது ஆனால் கண்காட்சி என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது.

அப்படியிருக்க, இந்த அம்மா தானாகவே போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். அதுதான் எங்கேயோ இடித்தது.

"இது உங்களோடதாம்மா?"

"எங்க வீட்டுக்காரரோடது. ரிட்டையர் ஆனதுலேருந்து தன் வாழ்க்கை வரலாறை எழுதிட்டிருக்கார். ஆறு வருஷ உழைப்பு, அத்தனையும் இதுக்குள்ளதான்."

"சாருக்குத் தெரியுமா?"

"வாக்கிங் போயிருக்கார். நான் சொல்லிக்கறேன். அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டுக் கிளம்புங்க."

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"வேற எங்கயாவது காப்பி வச்சிருக்காராம்மா?"

"இல்லை. நான் எல்லா இடத்துலயும் நல்லாத் தேடிட்டேன்." மாடிவீட்டம்மா கொஞ்சம் கிட்டே வந்தாள். "ஒருவேளை அழிஞ்சா, திரும்ப எடுக்க முடியுமா?"

"தையல்காரருக்கே எங்களால எடுத்துக் குடுக்க முடியலை. அதனாலதான் இந்தத் தடவை இவ்வளவு ஜாக்கிரதை."

"அப்ப பழி யார் மேல வரும்?"

"எங்க மேலதான்."

மாடிவீட்டம்மா தலையாட்டிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "துடைப்பம்னு ஒருத்தரைச் சொல்றாங்களே, அவர் வருவாரா?" என்றாள்.

பின்னால் நின்றவரின் காது சிவந்தது.

"வருவார். ஆனா கம்ப்யூட்டர் பக்கமே விட மாட்டோம். வர்றவங்களுக்கு டீ குடுக்கற வேலைதான் அவருக்கு."

"அடப் பாவமே, அனுபவம் உள்ளவராச்சே" என்றாள் மாடிவீட்டம்மா. முகம் தொங்கிவிட்டது. குத்திக் காட்டுகிறாள் என்று டீச்சருக்குச் சுருக்கென்றது.

படியிறங்கும்போது டீச்சர் முணுமுணுத்தாள். "இதுல ஏதோ உள்குத்து இருக்குங்க. பழசை நம்ம தலையில கட்டி, கெடுத்துட்டீங்கன்னு சொல்லிப் புதுசு வாங்கப் பாக்கறாங்க."

"அப்ப திருப்பிக் குடுத்துடலாமா?"

"குடுத்துட்டு? வர்றவங்க தொட்டுப் பாக்க வேற மெஷின் ஏது? நீங்க கை வைக்காம இருந்தாலே போதும்."

அன்றைய கண்காட்சியில் டீச்சர் எந்த வம்புக்கும் போகவில்லை. எதையும் லேப்டாப்புக்குள் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நடுவில் மாடிவீட்டம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் உள்ளே எதுவும் ஏத்தலையா?" என்று கேட்டுவிட்டு, டீ கொடுத்துக்கொண்டிருந்தவரையே வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாலையில் இருவருமாகத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். ஒரு நாள் முழுக்க எழுத முடியாத தவிப்பில் வாசலிலேயே நின்றிருந்தார் வீட்டுக்காரர். பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, திறந்து பார்த்து, மூச்சு விட்டார்.

"ஒரு எழுத்துகூட அழியலை சார்" என்ற டீச்சர், ஒரு பென்டிரைவையும் நீட்டினாள். "பயத்துல உங்க எழுத்தைப் படிக்காம அப்படியே இதுலயும் ஒரு காப்பி எடுத்துட்டேன். இனிமே லேப்டாப் கிணத்துல விழுந்தாலும் உங்க கதை பத்திரம்."

"ஆறு வருஷமா எனக்கு இது தோணவே இல்லையேம்மா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பென்டிரைவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு மனைவியிடம் திரும்பினார். "இப்பதான் அஞ்சாங்கிளாஸ் பாஸ் பண்ற இடத்துக்கு வந்திருக்கேன். நீ வந்து உக்காரு. இந்தச் சந்தோஷத்துல இன்னிக்கு மறுபடியும் முதல்லேருந்து படிச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சருக்கு ஒரு வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "பாத்தீங்களாம்மா, எங்களை நம்பினது வீண் போகலை" என்றாள்.

மாடிவீட்டம்மா அவளைப் பார்க்கவே இல்லை. படியோரம் ஒதுங்கி நின்ற துடைப்பத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தையல்காரரோடதை அப்படிச் சுத்தமாத் துடைச்சுக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டு, உங்களை நம்பித்தானே தம்பி இதைக் குடுத்தேன்?"